கொல்லாமல் விட்டது

தம்பி,

உன் நலத்தைக் கேட்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் இல்லை, உன் அய்யாவும் இல்லை. பழைய நம்பரில் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். சென்னையில் உன்னோடு அறையில் தங்கியிருக்கிற பையனிடம் கேட்டால், "இருக்கான் ஆன்ட்டி, தூங்குறான்" என்கிறான். காலையில் கேட்டாலும் தூங்குகிறாய், சாயங்காலம் கேட்டாலும் தூங்குகிறாய். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். நம் ஊர்ப் பையன்கள் நடத்துகிற ஃபேஸ்புக் பக்கத்தில் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன், எப்படியும் உன் கண்ணில் பட்டுவிடும். வீட்டு விவகாரத்தைச் சந்தியில் வைக்கிறாள் பார் என்று நாலு பேர் பேசுவார்கள், பேசிவிட்டுப் போகட்டும். விஷயம் இதுதான். இந்த வைகாசியில் காளி செத்து வருசம் திரும்புகிறது. பாண்டியம்மா உன்னை வரச் சொல்கிறாள். நீ வந்தே ஆக வேண்டும்.

ஊரறிய எழுதுவதால் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். காளி, என் மகனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். பாண்டியம்மா அவனைப் பெற்றவள், புருசனை இழந்தவள், ஆடு மேய்த்து ஒரு மகனையும் ஒரு மகளையும் ஆளாக்கியவள். நாங்களும் அதே ஊர்தான், முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுத்துக் கோப்பது நான், சட்டம் அடித்துக் கம்பு நட்டுக் கட்டுவது என் வீட்டுக்காரர், இவன் அய்யா. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி, எது நடந்தாலும் முதலில் எங்களுக்குத்தான் சேதி வரும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவன் வளர்ந்தவன் செத்தவன் எல்லார் முகமும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

அந்த ஜெர்மன்காரரைக் கடைக்குள் கூட்டிவந்தது நீதான். மதுரையில் காலேஜ் படிக்கப் போன இரண்டாம் வருசம், கடவாய் மறைய மீசை வைத்திருந்த அந்த மனுசனின் படத்தைப் போனில் காட்டினாய். "யாருடா இது, நம்ம ஊரு காவல்தெய்வம் மாதிரி இருக்காரு?" என்று கேட்டேன். "தத்துவஞானிம்மா" என்றாய். அன்றிலிருந்து பேனருக்கு வாக்கியம் கேட்டு வருகிற பையன்களுக்கு நீ அவர் சொன்னதையெல்லாம் தமிழில் உடைத்து உடைத்துக் கொடுத்தாய். அடி விழுந்தால்தான் ஆள் உரம் ஏறுவான் என்று ஒன்று. அபாயத்தோடு வாழ்ந்து பார் என்று ஒன்று. வாழ்வதற்குக் காரணம் ஒன்று இருந்துவிட்டால் எந்தக் கஷ்டத்தையும் தாங்கலாம் என்று ஒன்று. சினிமா வசனம் போட்டுச் சலித்துப்போயிருந்த பயல்களுக்கு இதெல்லாம் புதுசு. "அக்கா, அந்த மீசைக்காரரு சொன்னதுல ஒண்ணு எடுத்து விடுங்க" என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். அய்யனார் கோவில் புரவியெடுப்புக்குப் பேனர் அடிக்கும்போது, கடவுள் செத்துப்போனார் என்கிற வாக்கியத்தை எடுத்து நீட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? உன் அய்யா சுத்தியலோடு எழுந்துவிட்டார். "ஏலே, அய்யனாரு செத்துட்டாருன்னா இம்புட்டுக் குதிரையும் யாருக்குடா எடுக்குறாய்ங்க?" என்றார். கடையே சிரித்தது. காளிதான் அதிகம் சிரித்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

போன வைகாசியில் அவன் தங்கச்சிக்குக் கல்யாணம். பேனருக்குக் காளி தன் போட்டோவைத்தான் கொண்டுவந்தான். கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, யாருடைய பைக்கின் மேலோ சாய்ந்துகொண்டு நிற்கிற போட்டோ. "அத்தை, என்னியப் பெருசாப் போடுங்க. கண்ணாலத்துக்கு வாரவன் பொண்ணு மாப்பிள்ளையப் பாக்க முந்தி என்னியத்தான் பாக்கணும்" என்றான். தலைக்கு மேலே அந்த அபாயத்தோடு வாழ்கிற வாக்கியத்தைப் போடச் சொன்னது நீ. எழுத்துக்குச் சிவப்பும் ஓரத்துக்குத் தீ எரிகிற மாதிரி மஞ்சளும் கொடுத்தது நான். பேனர் ஊர் முகப்பில் நின்றது. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, பிரியாணி பற்றவில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

மறுநாள் நீங்கள் எல்லாம் வேன் பிடித்து ராமேஸ்வரம் போய், அங்கிருந்து தனுஷ்கோடி போனீர்கள். நம் பிள்ளைகள் கண்மாயில் நீந்தப் படித்தவர்கள். மழை பெய்த வருசம் நீச்சல், பெய்யாத வருசம் அதே கண்மாய்க்குள் கிரிக்கெட். கண்மாயில் மூச்சு முட்டினால் கரையைப் பார்த்து அடித்தால் போதும். தண்ணீர் நம்மை ஒன்றும் செய்யாது, நின்ற இடத்தில் நிற்கும். கடல் இழுக்கும்போது கரையைப் பார்த்து அடித்தால் கை ஓய்ந்துபோகும், இழுப்பை விட்டுப் பக்கவாட்டில் ஒதுங்கித்தான் வெளியே வர வேண்டும் என்பது கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பேச்சு வருகிற வயசிலேயே தெரியும். மானாவாரிக் காட்டில் மிளகாய் போடுகிறவன் பிள்ளைக்கு அதை யார் சொல்லித் தருவார்கள்? குளிக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தது. பலகையைக் காட்டிச் சிரித்து, அந்தச் சிவப்பெழுத்து வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நீதான் முதலில் இறங்கினாய் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். காளி உன் பின்னால் இறங்கினான். நீ இதை மறுக்கவில்லை. நானும் மறைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் பையன்கள் கடைக்கு வந்து நின்றார்கள். ஒருத்தன், "அதே போட்டோதான்க்கா. வேற நல்ல போட்டோ இல்லை. அந்தக் கூலிங்கிளாஸ மட்டும் எடுத்துற முடியுமா?" என்று கேட்டான். கண்ணாடியை எடுத்தால் அங்கே கண் இருக்காதே ராசா. நான் அப்படியே போட்டேன். சிவப்பை எடுத்துவிட்டுக் கறுப்புப் போட்டேன். கண்ணீர் அஞ்சலி என்று அடிக்கும்போது ஒரே எழுத்தை மூன்று நான்கு தடவை அழித்து அழித்து அடித்தேன். உன் அய்யா அதைக் கொண்டுபோய்க் கட்டப் போன இடத்தில் கல்யாணப் பேனர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஒரே முகம், ஒரே பைக், பக்கத்தில் பக்கத்தில். கல்யாணப் பந்தலையே பிரிக்கவில்லை, அதே பந்தலுக்குக் கீழேதான் அவனைக் கிடத்தியிருந்தார்கள். உன் அய்யா பழைய பேனரை இறக்கிச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுத்தான் புதுசைக் கட்டினாராம்.

நீ அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாய். கண்ணைத் திறந்ததும் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அவன் என் கையப் புடிச்சுருந்தாம்மா. நாந்தான் உதறிவிட்டேன்." அதற்குப் பிறகு நீ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்றைக்கு நான் உன் வாயைப் பொத்தினேன், யாரிடமும் சொல்லாதே என்றேன். இப்போது நானே எழுதுகிறேன். உதறாமல் இருந்திருந்தால் இரண்டு முகத்தையும் ஒரே பேனரில் போட்டிருப்பார்கள், வேறு கடையில். நீ உதறினாய், அதனால் என் பிள்ளை எனக்குக் கிடைத்தான். அதில் எனக்குச் சந்தோசம். எழுதவே கூசுகிறது, ஆனாலும் சந்தோசம்தான். பக்கத்துத் தெருவில் ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு அழும்போது, என் பிள்ளை மூச்சு விடுகிறானே என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். தாய் என்கிறவள் அவ்வளவு கேவலமானவள்தான். இதைத் தெரிந்துகொண்டு என்னைக் காறித் துப்புகிறவர்கள் துப்பட்டும். நீ மட்டும், உதறியதற்காக உன்னையே தின்றுகொண்டிருக்காதே.

ஆனால் அதற்கப்புறம் நீ செய்ததை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. ஆடி கழிந்து ஒரு நாள், நம்மைக் கொல்லாமல் விட்டது நம்மைப் பலசாலியாக்கும் என்கிற பொருளில் அந்த மீசைக்காரர் சொன்னதை, அவர் படத்தோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாய். ஏலே, செத்தவன் வீட்டு வாசலில் நின்று எனக்கு உடம்பு தேறிவிட்டது என்று கத்துவாயா? நீ உனக்காகத்தான் வைத்தாய், தைரியத்துக்கு எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்தாய் என்பது எனக்குப் பிறகு விளங்கியது. ஆனால் அதைப் பார்த்த எவனோ பாண்டியம்மாவிடம் வாசித்துக் காட்டிவிட்டான். அவள் மயானத்து மண்ணை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கடைக்கு வந்தாள். கடை நிறைய ஆள். "எம்மகன் போய்ட்டான், இவன் பலமாயிட்டானாம்ல மதினி? ஆகட்டும். நல்லா ஆகட்டும். அந்தப் பலத்தை வச்சு அவன் நாசமாப் போகட்டும்" என்று சொல்லி, அந்த மண்ணை நம் வாசலில் தூற்றிவிட்டுப் போனாள். நம் பக்கம் மண்ணைத் தூற்றுவது என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அய்யா விளக்குமாற்றை எடுத்தார், நான் பிடுங்கி வைத்தேன். வந்தவன் போனவனெல்லாம் அன்றைக்கு அதை மிதித்துக்கொண்டுதான் நடந்தான். அந்த வாரம்தான் நீ நம்பரை மாற்றிக்கொண்டு சென்னைக்குப் போனாய்.

அந்த வாக்கியம் உண்மையா என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. படித்தவர்கள் புத்தகத்தில் தேடுவார்கள், எனக்கு ஆட்களைத்தான் தெரியும். கடல் பாண்டியம்மாவைக் கொல்லவில்லை. அவள் பலமானாளா? மேய்க்கப் போன ஆட்டைக் காட்டிலேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள். ஈன்ற குட்டியைக் கவனிக்காமல் விட்டு நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சாப்பிட்டாயா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்கிறாள். உன் அய்யாவைக் கொல்லவில்லை. கண்ணீர் அஞ்சலி என்று யாராவது கடைக்குள் வந்தாலே டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார், ஆள் போன பிறகுதான் திரும்பி வருகிறார். உன்னையும் கொல்லவில்லை, நீ பகலெல்லாம் தூங்குகிறாய். எங்கே இருக்கிறது அந்தப் பலம்? யாருக்கு வந்தது? பள்ளத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் பள்ளமும் நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடும் என்றும் அதே ஆள் சொல்லியிருக்கிறார் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அதை எந்தப் பயலும் பேனருக்குக் கேட்கவில்லை. அந்த அறையில் நீ இப்போது செய்துகொண்டிருப்பது அதுதான்.

உன் மீசைக்காரரைப் பற்றி நானும் போனில் தேடித் தேடிப் படித்தேன். பாவம், மனுசன். வாழ்நாள் முழுக்கத் தலைவலி, கண் சரியில்லை, துணைக்கு ஆள் இல்லை. கடைசியில் ஒரு நாள், தெருவில் வண்டிக்காரன் அடித்த குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று சொல்கிறார்கள். அதோடு புத்தி கலங்கிவிட்டது. அத்தனை பெரிய வாக்கியமெல்லாம் எழுதியவருக்குத் தான் யார் என்பதே மறந்துபோனது. அதற்குப் பிறகு வருசக்கணக்காக அவரை வைத்துப் பார்த்தது யார் தெரியுமா? அவருடைய அம்மா. அந்த அம்மாவுக்குச் சாமி பக்தி ஜாஸ்தியாம். சாமி செத்துப்போச்சு என்று எழுதிய பிள்ளையைக் கூடவே வைத்துக்கொண்டு, தான் சாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டாள். இதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே. அந்தக் கிழவி என்ன நினைத்தாள், யாரைத் திட்டினாள் என்று எங்காவது இருக்கிறதா என்று பார்த்தேன், என் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

போன வாரம் பாண்டியம்மா ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டாள். மண் தூற்றிய பிறகு நாங்கள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. பயந்துகொண்டேதான் போனேன். ஆட்டுக்கொட்டகையில் இருந்தாள். குனிந்து உள்ளே நுழைந்து நிமிர்ந்தால், தலைக்கு மேலே காளி. அந்தக் கல்யாணப் பேனரைத்தான் கூரைக்குப் போட்டிருக்கிறாள். ஊரெல்லாம் பழைய பிளெக்ஸைக் கொட்டகைக்குப் போடுவது வழக்கம்தான். ஆனால் எல்லாரும் எழுத்து வெளியே தெரியப் போடுவார்கள், அவள் உள்பக்கமாகத் திருப்பிப் போட்டிருக்கிறாள். கூலிங்கிளாஸும் சிவப்பெழுத்துமாக மேலே அவன், கீழே ஆடுகள். அவள் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டே, "வைகாசியில வருசம் வருது மதினி. ஒங்க மகன வரச் சொல்லுங்க" என்றாள்.

"நீ மண்ண அள்ளித் தூத்துனவ. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் வருவான்?" என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்கிறதா எனக்கு?

"தூத்துனேன், இல்லைங்கலை. இன்னைக்கும் நெனச்சா வயிறு எரியுது. மன்னிச்சுட்டேன்னு நான் சொல்லலை, எனக்கு அது வரலை. ஆனா எம்புள்ள கடைசியாப் புடிச்சது ஒங்க மகன் கையத்தான். அவன் வரணும்."

கையைப் பற்றி உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "கரையில நின்ன பய பாத்துருக்கான். எடுத்துட்டு வந்த அன்னைக்கே சொல்லிட்டான். புடிச்சதும் தெரியும், விட்டதும் தெரியும்" என்றாள். தம்பி, நீ எதை மறைக்க ஓடி ஒளிந்தாயோ, நான் எதைச் சொல்லாதே என்று உன் வாயைப் பொத்தினேனோ, அது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு நம் கடை வாசலில் நின்றாள். அப்போதும் அதை நாலு பேர் முன்னால் சொல்லவில்லை.

எனக்கு என்ன பைத்தியமோ, அந்த நேரத்தில் உன் மீசைக்காரரின் இன்னொரு பேச்சு ஞாபகம் வந்தது. இதே வாழ்க்கை, ஒரு துரும்பு மாறாமல், மறுபடியும் மறுபடியும் வரும் என்றால் சம்மதிப்பாயா என்று அவர் கேட்பதாக நீ சொன்னாயே, அதை அவளிடம் கேட்டேன். "எல்லாம் திரும்ப இதே மாதிரி வரும்னா ஒனக்குச் சம்மதமா பாண்டியம்மா?" அவள் தழையைக் கீழே போட்டுவிட்டு, "எம்புள்ளையும் வருவானா?" என்றாள். வருவான், ஆனால் இதே மாதிரிப் போய்விடுவான் என்றேன். தழையை மறுபடி கையில் எடுத்தாள். "கேக்குற கேள்வியப் பாரு. வேற சோலி இல்லையா ஒங்களுக்கு? அந்தக் கெடாய அங்கிட்டுத் தள்ளுங்க" என்றாள். நான் தள்ளினேன்.

நம் பக்கம் கல்யாணமாகாமல் செத்தவர்களுக்கு வருசம் திரும்பும்போது புதுத்துணி வைத்துப் படைப்பதும், படைத்த துணியை அவன் வயசொத்த ஒருத்தனுக்கு உடுத்திவிட்டுக் கும்பிடுவதும் உனக்குத் தெரியும். பங்காளி வீட்டில் பையன்கள் இருக்கிறார்கள், வரிசையில் நிற்கிறார்கள். அவள் ஒருத்தனையும் ஒத்துக்கொள்ளவில்லை. நீ உடுத்தவில்லை என்றால் துணி பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும் என்கிறாள். நீ பயப்படுவாய். நானும் பயந்தேன், உன் அய்யா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. செத்தவன் துணியை உன் உடம்பில் பார்க்க எனக்கு மட்டும் மனசு வருமா? வராது. வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒன்றும் சரியாகாது. அவள் உன்னைக் கட்டிப்பிடிக்க மாட்டாள், அடித்தாலும் அடிப்பாள். அடித்தால் வாங்கிக்கொள். அதனால் உரம் ஏறும் என்றெல்லாம் நினைக்காதே, அவளுக்கு அடிக்க வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

துணி எடுக்க முந்தாநாள் நான்தான் அவளோடு போனேன். வேட்டி எடுத்தாயிற்று. சட்டைக்குக் கடைக்காரர் சைஸ் கேட்டார். காளி நல்ல வாட்டசாட்டமான பயல், அவன் அளவைச் சொல்லப் போகிறாள் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அவள் என் முழங்கையைத் தொட்டு, "ஒங்க மகனுக்கு என்ன சைஸ் மதினி?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போன வைகாசியில் உனக்கு என்ன அளவு என்று தெரியும். இந்த ஒரு வருசத்தில் நீ இளைத்தாயா, எலும்பும் தோலுமாகப் போனாயா, எனக்கு எப்படித் தெரியும்? கடைக்காரர் காத்துக்கொண்டிருந்தார். அவள் சட்டைகளைத் திரும்ப மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, "கேட்டுச் சொல்லுங்க, பெறகு எடுத்துக்குவோம்" என்று சொல்லிக் கடையை விட்டு இறங்கினாள்.

உன் அளவு என்ன தம்பி?

அம்மா